நின்றபடியே பழுதாகும் கார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் விடியற்காலையில் நடந்து செல்பவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். வாசல் திண்ணைக்கு முன்னால், சருகு படிந்த உறைக்குள், பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சிறிய கார் ஒன்று நின்றுகொண்டிருக்கும். பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். வீட்டில் இருக்கும் முதியவர்கள் இருவரும் மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்கோ ஒரு திருமணத்துக்கோ அந்தக் காரை எடுப்பார்கள். மற்ற நாட்களில் அது நின்ற இடத்திலேயே நிற்கும். "ஓடாத வண்டிக்கு என்ன கேடு வரப்போகிறது" என்ற எண்ணம் நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதை நான் இரண்டு முறை பட்டுத் தெரிந்துகொண்டேன். என்னைப் போன்ற மற்றவர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 2003-ஆம் ஆண்டு புதிதாக வாங்கிய மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின், பெட்ரோல் வண்டி. 1983 டிசம்பரில் முதல் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்ட இந்த வகைக் காரின் உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஆகவே இன்று சாலையில் நாம் காணும் எந்த மாருதி 800-உம் பத்து வயதைக் கடந்ததுதான். விற்றுவிடுங்கள் என்று பலரும் சொல்கிறார்கள். அதற்குக் கிடைக்கக்கூடிய தொகையில் நல்ல இருசக்கர வாகனம்கூட வாங்க முடியாது என்பது ஒருபுறமிருக்க, முழங்கால் வலியால் ஆட்டோவில் ஏறி இறங்கச் சிரமப்படும் என் மனைவிக்கு நடு இரவில் உதவக்கூடியது வாசலில் நிற்கும் இந்தக் கார்தான். அது வாசலில் நின்றால் மட்டும் போதாது, சாவியைத் திருப்பியதும் கிளம்பவும் வேண்டும் என்பதை 2019-இல் ஓர் இரவு எனக்கு உணர்த்தியது. மனைவிக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டு நான் ஓடிச்சென்று சாவியைத் திருப்பியபோது, செல்ஃப் ஒரு முறை முனகிவிட்டு நின்றுவிட்டது. ஐந்து வாரங்களாக வண்டியை எடுத்திருக்கவில்லை. பேட்டரி முற்றிலும் இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி தன் வண்டியில் அழைத்துச் சென்றதால் அன்று தப்பித்தோம்.

அதன் பிறகு எங்கள் மெக்கானிக்கிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டவற்றில் முதன்மையானது பேட்டரியைப் பற்றியது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதும் கடிகாரம், பாட்டுப் பெட்டியின் நினைவகம், பின்னாளில் நாம் பொருத்திய அலாரம் ஆகியவை சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த இழுப்பு 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி செலவாகிறது. 35 ஆம்பியர்-மணி கொண்ட சிறிய பேட்டரி நான்கு வாரங்களில் வெறுமையாகிவிடும், செல்ஃப் எடுக்கும் வலிமையை அதற்கு வெகு முன்பே இழந்துவிடும். இதற்கு மேல், நம் ஊர் வெயிலில் பேட்டரி தானாக இறங்கும் வேகமும் அதிகம். இறங்கிய நிலையிலேயே விட்டுவைத்த பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் படிகம் இறுகிப் படிந்துவிடுவதால், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. முந்நூறு ரூபாய் அளவில் கிடைக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும்: வண்டி சில மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைவாக இருக்கிறது, 12.4 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டால் சார்ஜ் ஏற்ற வேண்டும். 12 வோல்ட் என்றால் ஏறத்தாழ ஒன்றுமில்லை. நிறைந்ததும் தானாக நின்றுகொள்ளும் சிறிய சார்ஜர்கள் இப்போது கிடைக்கின்றன. வாசலில் பிளக் பாயின்ட் இல்லாதவர்கள் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

தினமும் காலையில் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருவர் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு அவர்கள் செய்யும் இந்தச் செயல் காருக்குத் தீமையையே விளைவிக்கிறது என்பதை மரியாதையோடு தெரிவிக்க விரும்புகிறேன். பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. எஞ்சின் முழுமையாகச் சூடேறும் வரை ஓடினால்தான் அந்த ஈரம் வெளியேறும். ஐந்து நிமிடத்தில் அணைத்துவிட்டால் அது சைலன்சருக்குள் தண்ணீராகத் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கிறது, எஞ்சின் ஆயிலிலும் கலக்கிறது. நின்ற இடத்தில் மெதுவாகச் சுற்றும் எஞ்சினின் ஆல்டர்நேட்டர் (பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி), செல்ஃப் எடுத்த மின்சாரத்தை ஈடுகட்டும் அளவுக்குக்கூடச் சில நேரங்களில் சார்ஜ் தருவதில்லை. ஆகவே வாரம் ஒரு முறை, முடியாவிட்டால் பத்து நாட்களுக்கு ஒரு முறை, அரை மணி நேரமாவது உண்மையாகவே ஓட்ட வேண்டும். நாங்கள் ஞாயிறு காலையில் கொள்ளிடம் பாலம் தாண்டிச் சமயபுரம் போய் வருகிறோம். போக வர இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. நான்கு கியரும் மாறுகின்றன, பிரேக் டிரம்மும் டிஸ்க்கும் துரு உதிர்ந்து சுத்தமாகின்றன, ஏசி வாயு சுழல்வதால் அதன் சீல்கள் காயாமல் இருக்கின்றன, அம்மனையும் தரிசித்துவிடுகிறோம்.

கிலோமீட்டர் ஏறவில்லை என்பதற்காகப் பராமரிப்பைத் தள்ளிப்போடுவதும் இதே போன்ற தவறுதான். என் கார் ஆண்டுக்கு 1,500 கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. ஆனாலும் ஆண்டுக்கு ஒரு முறை ஆயில் மாற்றுகிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதை மாற்றாவிட்டால் வீல் சிலிண்டருக்குள் துரு ஏறும், அவசரத்தில் மிதிக்கும்போது பிரேக் கைவிடும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி வைக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. கூலன்ட் இல்லாத தண்ணீர் நின்ற இடத்திலேயே உலோகத்தை அரிக்கிறது. டைமிங் பெல்ட்டும் ஹோஸ்களும் ரப்பர். ஓடினாலும் நின்றாலும் அவற்றுக்கு வயதாகிறது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2317 என்றிருந்தால் அது 2017-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். டயரின் பட்டன் தேயவில்லை, பார்க்கப் புதிது போலிருக்கிறது என்று நம்பிப் பத்து வயது டயரோடு நெடுஞ்சாலையில் ஏறுபவர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே அச்சமாக இருக்கிறது. நீண்ட நாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காமல், சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்த வேண்டும். இல்லையென்றால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். எலிக்கும் பெருச்சாளிக்கும் வயரின் மேலுறை மிகவும் பிடித்தமானது. எஞ்சின் பகுதியில் புகையிலைக் காம்பு கட்டி வைப்பவர்கள் உண்டு, நானும் வைக்கிறேன். ஆனால் வாரம் ஒரு முறை பானட்டைத் திறந்து பார்ப்பதற்கு அது மாற்றாகாது.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் சீல்களையும் ஊறச் செய்யும். சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பின் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று 2025-இல் மத்திய பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் அளித்தது. அந்தக் கணக்கு கிலோமீட்டரில் சொல்லப்பட்டிருக்கிறது. என் காரைப் போன்றவற்றில் ஒரு முறை நிரப்பிய பெட்ரோல் இரண்டு மூன்று மாதங்கள் டேங்க்கிலேயே கிடக்கிறது. ஈரம் சேர்வதும் ரப்பர் ஊறுவதும் அந்த மாதங்களில்தான் நடக்கின்றன. நான் பெட்ரோல் ஹோஸ்களை முன்கூட்டியே மாற்றிவிட்டேன். டேங்க் அடிமட்டத்துக்கு வற்றவும் விடுவதில்லை, நான்கைந்து மாதத்துக்குப் போதுமான அளவுக்கு நிரப்பி வைப்பதுமில்லை. பழைய வாகனங்களுக்காக ஊருக்கு ஒரு பங்க்கிலாவது எத்தனால் குறைந்த பெட்ரோலை விற்க எண்ணெய் நிறுவனங்கள் முன்வர வேண்டும்.

இனி இரண்டாவது நிகழ்ச்சிக்கு வருகிறேன். மார்கழியில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிப் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பது முறையானது. வரும் பக்தர் கூட்டத்துக்கு அது தேவை. அந்த நாட்களில் நான் காரைக் கொள்ளிடக் கரைப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் காலி மனையில் நிறுத்துவது வழக்கம். கடந்த மார்கழியில் அவ்வாறு நிறுத்திவிட்டு, ஒன்பது நாட்கள் அந்தப் பக்கம் போகவில்லை. பத்தாம் நாள் காலையில் மனைக்காரர் தொலைபேசியில் அழைத்தார். ஓட்டுநர் பக்கத்துச் சிறிய கண்ணாடியை உடைத்து, ஸ்டியரிங் லாக்கை முறித்து, சாவித் துவாரத்தின் அடியிலுள்ள வயர்களைப் பிடுங்கி இணைத்திருக்கிறார்கள். செல்ஃப் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை. பிறகு தள்ளி ஸ்டார்ட் செய்ய முயன்றிருக்கிறார்கள். கார் ஐம்பது அடி தள்ளிச் சீமைக் கருவேலம் புதரில் முட்டி நின்றது. அதைக் காப்பாற்றியது பெட்ரோல் பம்ப்புக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு மறைவான சுவிட்ச். என் தம்பி மகன் வற்புறுத்திப் பொருத்த வைத்தது. பேட்டரி நிறைவாக இருந்தும், பெட்ரோல் வராத எஞ்சினை அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அன்று அந்த மனையைச் சுற்றிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று தெளிவானது. உறையின் மேல் சருகு குவிந்திருந்தது. சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. முன் டயர் ஒன்றில் காற்று குறைந்திருந்தது. வண்டிக்குக் கேடு வருகிறது என்பதற்கான அடையாளங்கள் எவையோ, அவையே திருடனுக்கு இந்த வண்டியைத் தேடி யாரும் வரமாட்டார்கள், காணாமல் போனாலும் பத்து நாள் கழித்துத்தான் தெரியும் என்று தெரிவிக்கின்றன. பழைய காரைத் திருடுபவனுக்கு அதை ஓட்டவேண்டிய அவசியம்கூட இல்லை. பிரித்து உதிரி பாகமாக விற்றாலும் காசுதான். உற்பத்தி நின்றுபோன வண்டியின் பாகங்களுக்கு நாமே கடை கடையாக அலைகிறோம் அல்லவா? அதே தேவைதான் அவனுக்குச் சந்தை.

புதிய கார்களின் சாவிக்குள் சிறிய சிப் இருக்கும்; அந்தச் சிப்பை அடையாளம் காணாமல் எஞ்சின் கிளம்பாது. என் கார் போன்றவற்றில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. இருபது ஆண்டு தேய்ந்த பூட்டின் நிலை எத்தகையது என்றால், என் சாவியைப் போட்டு நண்பரின் மாருதியின் கதவை ஒரு முறை திறந்தே பார்த்திருக்கிறோம். எனவே அலாரம், ஜி.பி.எஸ். கருவி என்று பலரும் தேடிப் போகிறார்கள். இவை பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரிதாக ஓடும் காரில் இவை இரண்டும் அதே பேட்டரியைத்தான் நம்பியிருக்கின்றன. இரவும் பகலும் சிறிது சிறிதாக அதை உறிஞ்சி, மூன்றாம் வாரத்தில் பேட்டரியையும் இறக்கிவிட்டுத் தாமும் ஊமையாகிவிடுகின்றன. தனக்கென உள்பேட்டரி உள்ள ஜி.பி.எஸ். கருவியாக இருந்து, அதன் சிம்முக்கு ரீசார்ஜ் செய்வதையும் மறக்காதவருக்கே அது உதவும். நிற்கும் காருக்கு முதலில் வேண்டியது மின்சாரத்தை எதிர்பார்க்காத காவல். நான் இப்போது கியர் லாக் பொருத்தியிருக்கிறேன். பெட்ரோல் பம்ப் சுவிட்ச் இருக்கிறது. வெளியூர் செல்லும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுகிறேன். ஒவ்வொன்றும் திருடனுக்குச் சில நிமிடங்களைக் கூட்டுகிறது, அவன் அஞ்சுவது அந்த நிமிடங்களைத்தான். மறைவான சுவிட்சை, கார் வயரிங் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம், ஃபியூசும் ரிலேயும் வைத்து முறையாகப் பொருத்த வேண்டும். வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றினால் நாளடைவில் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். வண்டியைக் கழுவக் கொடுக்கும்போதும் சொல்ல வேண்டியதில்லை.

ஆர்.சி. புத்தகத்தின் மூலப்பிரதியையும் இரண்டாவது சாவியையும் காரின் டேஷ்போர்டிலேயே வைத்திருக்கும் பழக்கத்தை அருள்கூர்ந்து இன்றே விட்டுவிடுங்கள். அலைபேசியில் டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் உள்ள ஆவணமே சோதனையின்போது செல்லும். திருட்டுக்கு இழப்பீடு கோரும்போது காப்பீட்டு நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்கும் என்பதையும் பலர் அறியமாட்டார்கள்.

காப்பீட்டைப் பற்றி நான் அறிந்துகொண்டது இன்னும் வருத்தமானது. பத்தாண்டுகளாக என் காருக்கு நான் கட்டி வந்தது சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. அன்று கார் போயிருந்தால் எனக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைத்திருக்காது. பழைய வண்டிக்கு முழுக் காப்பீடு எதற்கு என்று முகவர் சொன்னதை நான் கேள்வி கேட்கவில்லை. ஐந்து ஆண்டைக் கடந்த வாகனத்தின் காப்பீட்டு மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். மூன்றாம் நபர் காப்பீட்டோடு தீ, திருட்டு ஆகிய இரண்டையும் மட்டும் சேர்த்துக்கொள்ளும் குறுகிய வகையும் இருக்கிறது. ஓடும் தூரத்துக்கு ஏற்பப் பிரீமியம் கட்டும் முறைக்கு 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி அளித்தது. குறைவாக ஓட்டுபவர்களுக்காகவே வந்தது போன்ற அந்த ஏற்பாட்டைப் பற்றி, பழைய காரை வைத்திருப்பவரிடம் எத்தனை முகவர்கள் எடுத்துச் சொல்கிறார்கள்? வாகன வயதைக் காரணம் காட்டி மறுக்காமல், ஆய்வு செய்து பார்த்துக் காப்பீடு தர நிறுவனங்கள் முன்வர வேண்டும்.

இவ்வளவு செலவு செய்து வைத்திருக்கும் வண்டி நம் பெயரில் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 15 ஆண்டு முடிந்ததும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கிறோம். 2018-இல் 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2023-இல் நான் புதுப்பித்தபோது 5,000 ரூபாய். 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். பசுமை வரி தனி. பதிவு நம் பெயரில் இருக்கும்வரை, திருடப்பட்ட கார் ஏதேனும் குற்றத்துக்கோ விபத்துக்கோ காரணமானால் விசாரணை முதலில் நம் வாசலுக்குத்தான் வரும். ஆகவே பழைய வண்டிதானே என்று ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் புகார் கொடுக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். மின்னணு வழியில் அளித்தால் மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையெழுத்திட வேண்டும். எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்திருப்பவருக்கு அந்த நேரத்தில் தடுமாற்றம் இருக்காது. வண்டியின் சிராய்ப்பு, ஒட்டுவேலை ஆகியவை தெரியும்படி நாலைந்து புகைப்படங்களும் எடுத்து வைப்பது நல்லது.

காவல்துறையினருக்கு ஒரு வேண்டுகோள். வெளியூர் செல்பவர்கள் தகவல் தெரிவித்தால், பூட்டிய வீடுகளை இரவு ரோந்தில் பார்வையிட்டுப் பட்டா புத்தகம் எனப்படும் ரோந்துப் பதிவேட்டில் கையெழுத்திடும் வழக்கம் நம் மாநிலத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் வாசலிலோ காலி மனையிலோ நிற்கும் வாகனத்தின் பதிவெண்ணையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ள முடியுமா? ஸ்ரீரங்கம் போன்ற ஊர்களில் விழாக் காலத்தில் வாகனங்களைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்தச் சொல்லும்போது, உள்ளூர்வாசிகளின் கார்களுக்கென்று வெளிச்சமும் கேமராவும் உள்ள ஓர் இடத்தை அந்த இருபது நாட்களுக்கு மட்டும் மாநகராட்சி ஒதுக்கித் தந்தாலும் பேருதவியாக இருக்கும். கட்டணம் வாங்கினாலும் மகிழ்ச்சியோடு கொடுப்போம்.

எங்கள் தெருவில் இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். நான்கு வீடுகளில் இப்படிப்பட்ட கார்கள் இருக்கின்றன. யாராவது ஊருக்குப் போனால் மற்றவர் வாரம் ஒரு முறை அந்த வண்டியின் உறையை உதறி, டயர் காற்றைப் பார்த்து, இரண்டடி முன்னேயோ பின்னேயோ நகர்த்தி வைக்கிறார். நகர்ந்த வண்டியைப் பார்ப்பவனுக்கு அதற்கு ஆள் இருக்கிறது என்று தெரியும். டயரும் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்காது. சாவியைக் கொடுத்து வைக்கும் அளவுக்கு நம்பிக்கையுள்ள அண்டை வீட்டார் எங்களுக்கு அமைந்திருக்கிறார்கள். வரும் மார்கழிக்கு முன் அந்தக் காலி மனையில் ஒரு விளக்குப் போடவும் மனைக்காரரோடு பேசி முடித்திருக்கிறோம்.

பூட்டு, சுவிட்ச் பற்றிய விவரங்களை எழுதியிருப்பதால், இந்தக் கடிதத்தை வெளியிடும்போது என் பெயரையும் தெருவின் பெயரையும் தவிர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
ஸ்ரீரங்கம்